மறைவிட அரிப்புக்கு ஆண்டிபயாட்டிக் களிம்பு கேட்குமா?

நம் வீடுகளில் ‘கிருமி’ என்ற ஒரே சொல்லுக்குள் பாக்டீரியாவும் அடங்கும், வைரஸும் அடங்கும், பூஞ்சையும் அடங்கும். சொறியை உண்டாக்கும் உண்ணிக்கும் அதே பெயர்தான். மலாயில் ‘கூமான்’ என்பதும் அப்படியே. கிளினிக்கில் கொடுக்கும் ஆண்டிபயாட்டிக்கை ‘உபாட் கூமான்’ என்கிறோம். தமிழில் ‘கிருமி மருந்து’. அன்றாடப் பேச்சுக்கு இது போதும். ஆனால் தொடை இடுக்கிலோ பிறப்புறுப்பைச் சுற்றியோ அரிப்பு வரும்போது இந்த ஒரு சொல்தான் பலரைப் பொருந்தாத மருந்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அரிக்கிறதா, கிருமி. கிருமியா, கிருமி மருந்து. போன வருடம் காலில் சீழ் பிடித்தபோது கொடுத்த களிம்பில் பாதி இன்னும் அலமாரியில் இருக்கிறது. எடுத்துத் தடவிக்கொள்ள வேண்டியதுதானே!

கை கால் என்றால் பக்கத்து வீட்டு அக்காவிடமாவது காட்டிக் கேட்போம். இது யாரிடமும் காட்ட முடியாத இடம். பதினைந்து வயது மகள் அம்மாவிடம் சொல்லத் தயங்குகிறாள். ஐம்பது வயது அப்பா மருத்துவரிடம் கூடச் சொல்வதில்லை. அதனால்தான் அந்த அலமாரிக் களிம்புக்கு இவ்வளவு மவுசு.

அந்தக் களிம்பு அங்கே என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

பூஞ்சையின் ஆயுதம் பூஞ்சையைத் தாக்குமா?

ஐந்தாம் படிவ அறிவியல் பாடத்தில் ஒரு பரிசோதனை உண்டு. பெட்ரித் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, அதன்மேல் பென்சிலினில் தோய்த்த சின்னத் தாள் வட்டுகளை வைப்போம். ஓரிரு நாளில் வட்டைச் சுற்றி ஒரு தெளிவான வளையம் தோன்றும். அந்த இடத்தில் பாக்டீரியா வளரவில்லை என்று பொருள். மாணவர்கள் இதை விரும்பிச் செய்வார்கள். ஆனால் அதே தட்டில் காற்றிலிருந்து பூஞ்சை வித்து விழுந்துவிட்டால், வளையம் கிளையம் எதுவும் அதைத் தடுக்காது. பென்சிலின் வட்டின் மேலேயே பூஞ்சணம் ஏறி வளரும்.

இதில் வியப்பில்லை. 1928இல் இலண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டது என்ன? பாக்டீரியாத் தட்டில் தற்செயலாக விழுந்த ஒரு பூஞ்சை, தன்னைச் சுற்றி இருந்த பாக்டீரியாவை அழித்தது. பென்சிலின் என்பது பெனிசிலியம் என்ற பூஞ்சை தானே சுரந்த பொருள். ரொட்டியில் வளரும் பூஞ்சணத்தின் உறவுக்காரன் செய்த ஆயுதம் அது. பூஞ்சையையே அது கொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது. இன்று தோல் புண்ணுக்கு அதிகமாக எழுதித் தரப்படும் ஃபியுசிடிக் அமிலமும் முதலில் ஒரு பூஞ்சையிலிருந்து எடுக்கப்பட்டதுதான்.

செல்லுக்குள் போய்ப் பார்த்தால் காரணம் இன்னும் தெளிவாகும். பென்சிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் செல் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. அந்தச் சுவர் பெப்டிடோகிளைக்கன் என்ற பொருளால் ஆனது. பூஞ்சைக்கும் செல் சுவர் உண்டு. ஆனால் அது கைட்டின், குளுக்கன் ஆகியவற்றால் ஆனது. செங்கல் சுவரை இடிக்கும் கருவியை மூங்கில் வேலியிடம் கொண்டுபோனது போல. ஃபியுசிடிக் அமிலம், நியோமைசின் போன்றவை பாக்டீரியாவுக்குள் புரதம் தயாராவதை நிறுத்துகின்றன. பூஞ்சையின் புரதத் தொழிற்சாலையோ, அமைப்பில் நம் செல்களில் இருப்பதற்குத்தான் நெருக்கமானது. உயிரியல் வகைப்பாட்டில் பூஞ்சை பாக்டீரியாவுக்குத் தூரத்து உறவு, நமக்குத்தான் கிட்டத்து உறவு என்றால் மாணவர்கள் நம்புவதே இல்லை! ஆனால் உண்மை அதுதான். பூஞ்சைக்கு மருந்து கண்டுபிடிப்பது கடினமாக இருப்பதும் அதனால்தான்.

‘நுண்ணுயிர்க்கொல்லி’ என்று ஆண்டிபயாட்டிக்கை நாம் மொழிபெயர்த்ததும் கொஞ்சம் குழப்பம்தான். எல்லா நுண்ணுயிரையும் கொல்லும் என்ற நினைப்பை அது தந்துவிடுகிறது. ‘பாக்டீரியாக்கொல்லி’ என்றே சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

அங்கே அரிப்பை உண்டாக்குவது யார்?

பெரியவர்களுக்குத் தொடை இடுக்கில் வரும் அரிப்புக்கு நம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது படர்தாமரை. மலாயில் ‘குராப்’. டிரைக்கோஃபைட்டான் என்ற பூஞ்சை வகை இதற்குக் காரணம். வட்டமாகப் பரவும், ஓரம் சிவந்து மேடாக இருக்கும், நடுப்பகுதி ஆறியது போல் தெரியும். பாதத்தில் சேற்றுப்புண் உள்ளவர் உள்ளாடை போடும்போது பூஞ்சை பாதத்திலிருந்து துணி வழியாக இடுக்குக்கு ஏறும். காலுறையை முதலில் போட்டுவிட்டு உள்ளாடையைப் போடச் சொல்வது இதனால்தான்.

பெண்களின் பிறப்புறுப்பில் வரும் அரிப்பில் இன்னொரு பூஞ்சைக்குப் பெரிய பங்கு. அது கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகை. ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டுக்கு உறவு. தயிர்த் துணுக்கு போன்ற, நாற்றமில்லாத வெள்ளைப்படுதல், எரிச்சல், சிவப்பு, தாங்க முடியாத அரிப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். நான்கு பெண்களில் மூவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வரும் என்பது மருத்துவக் கணிப்பு. இவ்வளவு பேருக்கு வரும் ஒன்றை ஏதோ ஒழுக்கக் குறைபாட்டின் அடையாளம் போல மறைக்க வேண்டியதில்லை. கேண்டிடா பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதும் இல்லை. நம் குடலிலும் தோலிலும் முன்பே குடியிருப்பது, வாய்ப்புக் கிடைத்ததும் பெருகுகிறது.

மூன்றாவது காரணத்தில் எந்த உயிரியும் இல்லை. வாசனைச் சோப்பு, குளிக்கும் தண்ணீரில் ஊற்றும் கிருமிநாசினி, வாசனை ஏற்றிய ஈரத்தாள், நாள் முழுக்க வைத்திருக்கும் பேன்டி லைனர், வெற்றிலைச் சாறு சேர்த்தது என்று விற்கப்படும் பெண்களுக்கான கழுவுநீர். இவை எல்லாம் அந்த மெல்லிய தோலை உறுத்தக்கூடியவை. அரிப்பு வந்ததும் ‘சுத்தம் போதவில்லை’ என்று நினைத்து இன்னும் அழுத்திக் கழுவுகிறோம். அரிப்பு இன்னும் கூடுகிறது. மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் தோல் மெலிந்து வறண்டும் அரிக்கும்.

குழந்தைகளுக்கு ஆசனவாயில் இரவில் மட்டும் அரித்தால் நூல் போன்ற வெள்ளைப் புழுவை, மலாயில் ‘சாசிங் கெராவிட்’டை, நினைக்க வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு விரலிடுக்கிலும் மறைவிடத்திலும் இரவில் அரிப்பு கூடி, அறைத்தோழர்களுக்கும் அதே தொல்லை என்றால் அது சொறி உண்ணி, அதாவது ‘குடிஸ் பூத்தா’.

பூஞ்சை, உறுத்தல், வறட்சி, புழு, உண்ணி. இவற்றில் ஒன்றுகூட பாக்டீரியா இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

பாக்டீரியா இல்லாமல் போனால்தான் ஆபத்து

பெண்ணின் பிறப்புறுப்பில் பாக்டீரியா இருப்பது நோயன்று, இருக்க வேண்டும். 1892இல் ஆல்பர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விவரித்தார். லாக்டோபசிலஸ் என்ற இந்தப் பாக்டீரியாக்கள் தயிரில் இருப்பவற்றின் குடும்பம். உட்சுவர்ச் செல்களில் இருக்கும் மாவுச்சத்து போன்ற பொருளிலிருந்து லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, அந்த இடத்தின் பிஎச் அளவை 3.8 முதல் 4.5 வரை வைத்திருக்கின்றன. தக்காளிச் சாற்றின் புளிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் புளிப்பில் பல தீய பாக்டீரியாக்களால் தங்க முடியாது.

பல்வலிக்கோ தொண்டைப்புண்ணுக்கோ ஆண்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட்ட ஒரு வாரத்தில் சில பெண்களுக்கு அரிப்பு வருவது இதனால்தான். காவல் பாக்டீரியா குறைகிறது. மருந்து தொடாத கேண்டிடா காலியான இடத்தில் பெருகுகிறது. வெளித்தோலில் தடவும் களிம்பு அந்த அளவுக்குச் செய்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் விரலால் உள்ளேயும் தடவிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தோலுக்கென்று செய்த களிம்பை ஒருபோதும் உள்ளே வைக்கக் கூடாது.

இது புதிதாகத் தெரிந்த விஷயமும் அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆண்டிபயாட்டிக் பரவலானபோதே நோயாளிகளுக்குப் பூஞ்சைத் தொற்று கூடுவதை மருத்துவர்கள் கண்டார்கள். பூஞ்சையைக் கொல்லும், மனிதரைக் கொல்லாத மருந்து ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் வேலை செய்த இரு பெண்கள் அதைத் தேடினார்கள். எலிசபெத் ஹேசன் நியூயார்க் நகரில் மண் மாதிரிகளிலிருந்து நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்தார். ரேச்சல் பிரவுன் ஆல்பனியில் அவை சுரந்த பொருள்களைச் சுத்திகரித்தார். இருவருக்கும் நடுவே ஜாடிகள் தபாலில் போய் வந்தன. 1950இல் அவர்கள் அறிவித்த மருந்துக்கு நியூயார்க் ஸ்டேட் என்ற பெயரைச் சுருக்கி ‘நிஸ்டாட்டின்’ என்று பெயர் வைத்தார்கள். உரிமத்தொகையாக வந்த 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட பணத்தை அவர்கள் சொந்தத்துக்கு எடுத்துக்கொள்ளாமல் அறிவியல் ஆராய்ச்சிக்கே கொடுத்தார்கள். நம் பாடநூல்களில் ஃபிளெமிங்குக்குக் கிடைக்கும் இடத்தில் பாதியாவது இவர்களுக்குக் கிடைக்கலாம்.

நிஸ்டாட்டினும், பின்னர் வந்த குளோட்ரிமசோல் போன்றவையும் குறிவைப்பது எர்கோஸ்டீரால் என்ற கொழுப்பை. பூஞ்சையின் செல் சவ்வில் அது உண்டு. நமக்கு அந்த இடத்தில் கொலஸ்டிரால். பாக்டீரியாவுக்குப் பொதுவாக இரண்டும் இல்லை. ஆகவே பூஞ்சைக்குத் தனி மருந்து, பாக்டீரியாவுக்குத் தனி மருந்து.

“தடவியதும் குறைந்ததே!”

களிம்பு பயனற்றது என்றால் சிலருக்கு ஏன் கேட்டது போல் தெரிகிறது? பெரும்பாலான களிம்புகளின் அடிப்படைப் பொருள் பெட்ரோலியம் ஜெல்லி போன்ற எண்ணெய்ப் பசை. வறண்ட, உரசிப்போன தோலை அது மூடுகிறது, அரிப்பு தணிகிறது. மருந்தே இல்லாத வெறும் ஜெல்லியைத் தடவியிருந்தாலும் அதே பலன் கிடைத்திருக்கும். பரிசோதனைக் கூடத்தில் ‘கட்டுப்பாட்டு மாதிரி’ வைக்காமல் முடிவு எழுதும் மாணவனுக்கு நாங்கள் மதிப்பெண் குறைப்போம். வீட்டு மருத்துவத்தில் அதைத்தான் எல்லோரும் செய்கிறோம். மேலும் உறுத்தலால் வந்த அரிப்பு, எதையும் தடவாவிட்டாலும் சில நாளில் தானாகத் தணியக்கூடியது.

இன்னொரு காரணம் ஆபத்தானது. பல களிம்புகளில் ஆண்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் ஒரே இரவில் அடக்கிவிடும். உடலின் தற்காப்பை அது அடக்குவதால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மேலே அமைதி, அடியில் பரவல். நிறுத்திய சில நாளில் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பும், மீண்டும் தடவுவார்கள். இப்படி உருமாறிய படர்தாமரையில் அந்த வட்ட ஓரமே அழிந்துபோவதால் மருத்துவருக்கும் அடையாளம் காண்பது சிரமம். தொடை இடுக்குத் தோல் மெல்லியது, மடிப்பு வேறு. அங்கே ஸ்டீராய்டு அதிகமாக உறிஞ்சப்படும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, பிரசவக் கோடுகள் போன்ற தழும்பு விழும். அது மறையாது.

இந்தியாவிலிருந்து வருகிறவர்களிடம் களிம்பு வாங்கி வரச் சொல்லும் பழக்கம் நம்மிடையே உண்டு. அங்கே ஸ்டீராய்டு, ஆண்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த களிம்புகள் நெடுங்காலம் கடைகளில் எளிதாகக் கிடைத்தன. அவற்றின் தவறான பயன்பாடும் ஒரு காரணமாக, வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத படர்தாமரை அங்கே பெருகியது. அதை உண்டாக்கும் ஒரு பூஞ்சைக்கு 2020இல் ‘டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். இன்று பல நாடுகளில் அது காணப்படுகிறது. பெயர்க்குழப்பம் வேறு: குளோட்ரிமசோல் பூஞ்சை மருந்து, குளோபெட்டசால் மிக வீரியமான ஸ்டீராய்டு. குழாயின் மேல் எழுத்துக் கூட்டிப் படியுங்கள். பாசார் மாலாமில் விற்கும் பெயர் தெரியாத ‘எல்லாச் சொறிக்கும் ஒரே மருந்து’ டப்பாக்களில் எம்.ஏ.எல். எனத் தொடங்கும் பதிவு எண்ணும் ஒளிரும் முத்திரையும் இல்லையென்றால் கையில் எடுக்காதீர்கள்.

ஸ்டீராய்டு இல்லாத களிம்பும் முழுக்கச் சாது அல்ல. நியோமைசின், பாசிட்ரசின் இரண்டும் தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனவை. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2003இல் பாசிட்ரசினையும் 2010இல் நியோமைசினையும் ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. அரிப்புக்குத் தடவிய மருந்தே அரிப்பை உண்டாக்கும்; அது போதவில்லை என்று இன்னும் தடவுவோம். ஃபியுசிடிக் அமிலக் களிம்பு அதிகம் பயன்பட்ட நியூசிலாந்தில், அதற்குக் கட்டுப்படாத ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா பெருகியது. தேவையில்லாத இடத்தில் தடவிய களிம்பு, தேவைப்படும் நாளில் கைகொடுக்காமல் போகும்.

எப்போது பாக்டீரியா மருந்து சரி?

முடியை மழித்த பின் வேர்க்காலில் சீழ்க்கொப்புளம் வந்தால், சொறிந்து சொறிந்து தோல் பிளந்து மஞ்சள் நீர் வடிந்தால் மருத்துவர் ஆண்டிபயாட்டிக் களிம்பு தரலாம். தொடை இடுக்கில் பழுப்பு நிறத் திட்டாக வரும் எரித்ராஸ்மா என்ற ஒன்றும் உண்டு. பார்வைக்குப் படர்தாமரை போலவே இருக்கும். ஆனால் காரணம் பாக்டீரியா. ‘வுட் விளக்கு’ எனப்படும் புற ஊதா விளக்கைக் காட்டினால் அது பவளச் சிவப்பாக ஒளிரும். படர்தாமரை அப்படி ஒளிராது. சந்தேகம் இருந்தால் தோலை இலேசாகச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். தோல் செல்கள் கரைந்து, பூஞ்சை இழைகள் மட்டும் தெரியும். கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாததைச் சில நிமிடங்களில் சொல்லிவிடும் எளிய வேதியியல்.

மீன் வாடையோடு சாம்பல் நிற நீர் வெளியேறினால் அது பாக்டீரியாச் சமநிலை குலைந்ததாக இருக்கலாம். டிரைக்கோமோனஸ் என்ற ஒட்டுண்ணியாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மருத்துவர் தரும் வேறு மருந்துகள் உள்ளன. தோல் களிம்பு அவற்றுக்கும் உதவாது.

அப்படியானால் நாமே பூஞ்சை மருந்தை வாங்கித் தடவிக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். 2002இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ‘எனக்குப் பூஞ்சைத் தொற்றுதான்’ என்று தாங்களே முடிவு செய்து மருந்து வாங்கிய 95 பெண்களைச் சோதித்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் அது மட்டும் இருந்தது. முன்பு மருத்துவர் உறுதிசெய்த அதே தொல்லை, அதே அடையாளங்களோடு திரும்பி வந்தால் மருந்தகத்தில் மருந்தாளுநரிடம் பேசிப் பூஞ்சை மருந்து வாங்குவதில் தவறில்லை. படர்தாமரைக்கு என்றால் மறைந்த பிறகும் ஓரிரு வாரம் தடவ வேண்டும். அரிப்பு நின்றதும் நிறுத்துவதுதான் நம் வழக்கம், அது திரும்பி வருவதும் அதனால்தான். முதல் முறை வருகிறவர்கள், கர்ப்பிணிகள், சிறுபிள்ளைகள், மாதவிலக்கு நின்றவர்கள், புண், கொப்புளம், இரத்தம், காய்ச்சல், அடிவயிற்று வலி உள்ளவர்கள், வெள்ளைத் திட்டுப் படர்ந்து தோல் தாள் போல் ஆனவர்கள் எதையும் தடவாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரையைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். அரிப்பு திரும்பத் திரும்ப வந்தால், ஆணோ பெண்ணோ, இரத்தச் சர்க்கரையைச் சோதியுங்கள். சர்க்கரை கூடிய உடலில் கேண்டிடாவுக்கு உணவு தாராளம், எதிர்ப்போ குறைவு. ஆண்களுக்கு ஆணுறுப்பின் முன்தோலில் வரும் சிவப்பும் வெடிப்பும் சில நேரம் நீரிழிவின் முதல் அறிகுறி. நம் நாட்டின் 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அந்த 18.3 விழுக்காட்டில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தங்களுக்கு நீரிழிவு இருப்பதே அதுவரை தெரியாது. அலமாரிக் களிம்பால் அரிப்பை அடக்கிக்கொண்டே இருப்பவர் எதைத் தள்ளிப்போடுகிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே நீரிழிவு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு செய்தி. எம்பாகிளிஃபுளோசின், டாபாகிளிஃபுளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. நல்ல மருந்துகள்தான், ஆனால் சிறுநீர் படும் இடத்தில் கேண்டிடாவுக்கு விருந்து. இதைத் தொடங்கிய பின் அரிப்பு வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீர் கழித்தபின் தண்ணீரால் கழுவி ஈரம் போகத் துடைப்பது பலருக்கு உதவும்.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். பெண் மருத்துவர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். அதில் வெட்கம் இல்லை. போகும்போது இதுவரை தடவிய குழாய்கள், டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். காலியானவற்றையும்தான். அவற்றின் மேல் உள்ள பெயர்களைப் படித்தாலே மருத்துவருக்குப் பாதிக் கதை புரிந்துவிடும்.